வாகனம் சொல்லும் சாட்சி

முற்காலத்திலே செல்வர் வீட்டு வண்டிக்காரன், தன் எசமானர் எங்கே சென்றார், யாரைக் கண்டார், எந்நேரம் திரும்பினார் என்பனவற்றையெல்லாம் அறிந்திருந்தான். ஆயினும் அவன் வாய் திறப்பதில்லை. அந்த மௌனமே அவனது தொழிலின் மானமாகக் கருதப்பட்டது. பின்வந்த மோட்டார்ச் சாரதியும் அம்மரபையே பேணினான். இன்றோ வாகனமே யாவற்றையும் அறிகின்றது. அது மௌனம் காக்கின்றதா என்பதே வினா.

இக்காலத்துப் புதிய கார்கள் பலவற்றுள் கைத்தொலைபேசியில் இருப்பது போன்ற இணையத் தொடர்பு பொருத்தப்பட்டுள்ளது. செய்மதிகளின் துணைகொண்டு கார் தான் நிற்கும் இடத்தை அறிகின்றது. ஓடிய வேகத்தையும், பிரேக் அழுத்தப்பட்ட விதத்தையும், புறப்பட்ட நேரத்தையும் குறித்துக்கொள்கின்றது. அக்குறிப்புகள் கம்பனியின் கணினிகளைச் சென்றடைகின்றன.

இதனால் விளையும் நன்மையை மறுத்தல் நேர்மையன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31ஆந் திகதி முதல், புதிய வகைக் கார்களில் அவசர அழைப்புக் கருவி இருத்தல் கட்டாயமாயிற்று. பெருவிபத்து நேர்ந்ததும் அது தானாகவே 112 என்னும் இலக்கத்தை அழைத்து, விபத்து நேர்ந்த இடத்தை அறிவிக்கின்றது. ஏனைய வேளைகளில் உறங்கிக் கிடக்கின்றது. தேவை எழும்போது மாத்திரம் பேசும் கருவி அது.

எல்லாக் கருவிகளும் அவ்வாறு அடக்கமானவை அல்ல. அமெரிக்காவிலே செவ்ரோலே கார் ஒன்றைச் செலுத்தி வந்த ஒருவரின் காப்புறுதிக் கட்டணம் 2022ஆம் ஆண்டில் 21 வீதத்தால் உயர்ந்தது. காரணம் தேடிய அவர், லெக்சிஸ்நெக்சிஸ் என்னும் தரவு நிறுவனத்திடமிருந்து தம்மைப் பற்றிய அறிக்கையைக் கேட்டுப் பெற்றார். அது 258 பக்கங்கள் கொண்டதாயிருந்தது. ஆறு மாதங்களில் அவரும் மனைவியும் மேற்கொண்ட 640 பயணங்கள் அதிலே பதிவாகியிருந்தன. புறப்பட்ட நேரம், சென்ற தூரம், சடுதியாகப் பிரேக் பிடித்தமை ஆகிய அனைத்தும் இருந்தன. அவற்றை அனுப்பியது காரைச் செய்த ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியே. குறுக்கே ஓடிய குழந்தையைக் காக்கப் பிரேக் பிடித்தவரையும், கவனயீனத்தாற் பிடித்தவரையும் அத்தகைய ஏடு வேறுபடுத்திக் காட்டாது.

நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை 2024 மார்ச்சில் இதனை வெளிப்படுத்தியது. அம்மாதமே கம்பனி அவ்வழங்கலை நிறுத்தியது. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, சில வேளைகளில் மூன்று செக்கனுக்கு ஒருமுறை காரின் இருப்பிடம் திரட்டப்பட்டதென்றும், உரிமையாளரின் சம்மதம் மயக்கமான முறையிற் பெறப்பட்டதென்றும் குற்றஞ் சாட்டியது. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட உடன்பாடு, இத்தகைய தரவுகளை நுகர்வோர் அறிக்கை நிறுவனங்களுக்கு ஐந்தாண்டுகள் வழங்குவதைத் தடை செய்தது.

விற்காமற் சேர்த்து வைத்தாலும் அபாயம் உண்டு. வொக்ஸ்வாகன் குழுமத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 8 இலட்சம் மின்கார்களின் தரவுகள் இணையத்திலே தக்க காவலின்றிக் கிடந்தமை 2024 டிசம்பரில் வெளியாயிற்று.

புதுக் கார் வாங்கும் மகிழ்ச்சியில், திரையிலே தோன்றும் நீண்ட நிபந்தனைகளை வாசிப்போர் மிகச் சிலரே. வாசிக்காது தொட்ட ஒரு பொத்தானைச் சம்மதம் எனக் கொள்ளுதல் நீதியாகாது. நிபந்தனையைத் தெளிவாகச் சொல்லுதல் விற்பவர் கடன். கேட்டறிந்து உடன்படுதல் வாங்குவோர் கடன். காரை விற்கும்போதும், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போதும், அதில் பதிந்த தொலைபேசி இலக்கங்களையும் வீட்டு முகவரியையும் அழித்துவிடுதல் நலம்.

வண்டிக்காரனின் மௌனம் அவனது மனச்சாட்சியிற் பிறந்தது. இயந்திரத்துக்கு மனச்சாட்சி இல்லை. அதன் இடத்தைச் சட்டமும், மனிதரின் விழிப்புமே நிரப்புதல் வேண்டும்.