கோடை விடுமுறையும் பாடசாலைப் புஸ்தகங்களும்

(செம்மநத்தத்தையும் அதனைச் சூழ்ந்த சேர்வராயன் மலைக் கிராமங்களையும் சேர்ந்த கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குரிய சொற்பொழிவு)



சித்திரை மாதத்தில் பாடசாலைகளில் ஆண்டு முடிவடைகின்றது. பரீட்சை முடியுந் தறுவாயில் புஸ்தகசாலையைக் கவனித்து வருபவர் பிள்ளைகளுக்கு ஓர் அறிவிப்புச் செய்வது வழக்கம். நூலகர் என்ற தனி உத்தியோகஸ்தர் இல்லாத பாடசாலைகளில் உபாத்தியாயர் ஒருவரே இவ்வேலையையும் பார்க்கிறார். இரவல் வாங்கிய புஸ்தகங்களைக் குறித்த தேதிக்குள் திருப்பித் தர வேண்டும், தராதவர் விலையைச் செலுத்த வேண்டும் என்பதே அவ்வறிவிப்பின் சாரம். புஸ்தகங்கள் வந்து சேர்ந்ததும் அலமாரி பூட்டப்படுகிறது. ஜூன் மாதத்தில் பாடசாலை திறக்கும் வரையில் அது திறக்கப்படுவதில்லை.

இவ்வறிவிப்பில் குற்றம் ஒன்றுமில்லை. பொதுச் சொத்துக்குக் கணக்கு வேண்டுவது நியாயமே. ஆயினும் இது பாதி அறிவிப்பேயாகும். பழைய புஸ்தகத்தைக் கொடுத்துவிட்டு விடுமுறைக்கு வேறு புஸ்தகம் எடுத்துச் செல்லுங்கள் என்பதே மற்றப் பாதி. அதனை உபாத்தியாயர் தைரியமாகச் சொல்ல வேண்டுமானால் சங்கத்தின் உதவி அவருக்கு வேண்டும். அது எவ்வாறு என்பதே இங்கு விளக்கப்படும் விஷயம்.

காப்பி நாற்றங்கால் வைத்தவர்களுக்குக் கோடையின் அருமை தெரியும். விதை முளைத்து இரண்டு இலை விட்ட நாற்றை, பந்தலும் தண்ணீரும் இன்றி இரண்டு மாதம் விட்டுவைப்பவர் ஒருவருமிலர். வாசிக்கக் கற்ற பிள்ளையின் நிலைமையும் அதுவே. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பருவத்தில் இரண்டு மாதம் அச்செழுத்தையே காணாதிருந்தால், கற்றது நழுவிப் போகும். அமெரிக்க நாட்டில் ஹாரிஸ் கூப்பர் என்பவரும் அவருடைய துணைவர்களும் 39 ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து 1996-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். நீண்ட கோடை விடுமுறையின் பின்னர் மாணவர் பரீட்சையில் காட்டுந் திறமை, சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவுக்குக் குறைந்திருந்தது என்பது அம்முடிவு. வாசிப்பு விஷயத்தில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே நஷ்டம் அதிகம் என்றும் கண்டனர்.

இந்நோய்க்குரிய மருந்து விலை உயர்ந்ததன்று. அதே நாட்டின் பிளாரிடா மாகாணத்தில் வறுமை மிகுந்த 17 பாடசாலைகளில் ரிச்சர்ட் ஆலிங்டன் முதலியோர் ஒரு சோதனை நடத்தி, அதன் பலனை 2010-இல் வெளியிட்டனர். ஒவ்வொரு பிள்ளைக்கும் கோடைதோறும் 12 புஸ்தகங்கள் வீதம், தொடர்ந்து மூன்று கோடைகள் கொடுத்தனர். அப்பிள்ளைகள் வாசிப்பில் ஏனைய பிள்ளைகளைக் காட்டிலும் முன்னேறியிருந்தனர். இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, எந்தப் புஸ்தகம் வேண்டுமென்பதைப் பிள்ளைகளே தெரிந்தெடுத்தார்கள் என்பதாம். பெரியோர் நல்லதென்று திணித்த நூல் மூலையிற் கிடக்கும். தான் விரும்பி எடுத்த நூலைப் பிள்ளை திரும்பத் திரும்ப வாசிக்கும்.

நகரத்துப் பிள்ளைக்கு விடுமுறையிலும் கிளை நூலகம் உண்டு, புஸ்தகக் கடை உண்டு, பத்திரிகை வாங்கும் அண்டை வீடு உண்டு. மலைக் கிராமத்துப் பிள்ளைக்கோ பாடசாலை அலமாரியே கிளை நூலகமும் புஸ்தகக் கடையும் ஆகும். அதனைப் பூட்டிய அன்றே அப்பிள்ளைக்குப் புஸ்தக உலகம் அடைபட்டுப் போகின்றது. தமிழ்நாட்டுப் பாடசாலைக் கல்வித் துறை அண்மை ஆண்டுகளில் பிள்ளைகளின் தரத்திற்கேற்பச் சிறு நூல்களை வாசிப்பு இயக்கத்தின் மூலம் வெளியிட்டுள்ளது. ஊஞ்சல், தேன்சிட்டு என்னும் சிறுவர் இதழ்களையும் 2022 முதல் பாடசாலைகளுக்கு அனுப்பலாயிற்று. ஆகவே சிறு பிள்ளைகள் வாசிக்கத்தக்க நூல்கள் இல்லையென்று சொல்வதற்கில்லை. அவை விடுமுறையில் வீடு சென்று சேர்வதே அரிதாயிருக்கின்றது.

அலமாரி பூட்டப்படுவதன் காரணம் உபாத்தியாயரின் அசட்டையன்று, அச்சமே. புஸ்தகம் குறைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. இவ்வச்சம் மிகப் பழமையானது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களை இரும்புச் சங்கிலியால் பலகையோடு பிணைத்து வைத்திருந்தனர். சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராக அமர்ந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட தமது நூலில் நூலக சாஸ்திரத்திற்கு ஐந்து விதிகளை வகுத்தார். நூல்கள் உபயோகத்திற்கே உரியவை என்பது அவற்றுள் முதலாவது. அச்சங்கிலிகள் இவ்விதிக்கு வெகு முன்னரே கழன்றுவிட்டன. ஆனால் பூட்டும் ஒருவகைச் சங்கிலியே. மேலும், பூட்டி வைத்த புஸ்தகம் பத்திரமாயிருக்கும் என்பதும் முழு உண்மையன்று. மலையின் ஈரக்காற்றிலும், காப்பி பூப்பதற்கு உதவும் கோடை மழையிலும், திறவாத அலமாரியில் பூஞ்சணம் படரும். கறையானும் இராமபாணப் பூச்சியும் தணிக்கைக்கு அஞ்சுவனவல்ல.

நூல் வாசகரைத் தேடிச் செல்வது தமிழ்நாட்டிற்குப் புதிதுமன்று. மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டி ஒன்றை நூலகமாக அமைத்து, 1931 அக்டோபரில் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். சுதந்திர இந்தியாவில் முதன்முதல் நூலகச் சட்டம் நிறைவேறியதும் சென்னை மாகாணத்திலேயே, 1948-ஆம் ஆண்டில். அன்று வண்டி கட்டி அனுப்பிய காரியத்தை, இன்று ஒவ்வொரு பிள்ளையின் பையும் செய்யக்கூடும்.

இனி, சங்கத்திற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கூட்டுறவின் வேர் ஜாமீன் என்னும் ஒரு சொல்லில் அடங்கியிருக்கின்றது. ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் 1864-இல் ஹெட்டஸ்டார்பில் ஏற்படுத்திய கடன் சங்கத்தில், ஒருவருக்காக எல்லோரும் பொறுப்பேற்றனர். தனியே நின்றால் கடன் கிடைக்காத ஏழைக்கு, கூடி நின்றபோது நாணயம் பிறந்தது. சென்னை அரசாங்கத்தாரின் பொருட்டு இம்முறைகளை ஆராய்ந்த பிரடெரிக் நிக்கல்சன், 1895-இலும் 1897-இலும் தமது அறிக்கையை அளித்தார். 1904-இல் முதற் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. பணக் கடனுக்குப் பொருந்திய இந்நியாயம் புஸ்தகக் கடனுக்கும் பொருந்தும்.

கல்விக்கு உதவுதல் சங்கத்தின் வேலையன்று என்று கருதுதலும் தவறு. இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் 1844-இல் 28 தொழிலாளர் கூடித் தொடங்கிய சங்கம், சில ஆண்டுகளுக்குள் லாபத்தில் நூற்றுக்கு 2½ வீதம் கல்விக்கென ஒதுக்கிப் புஸ்தகசாலை நடத்தியது. இந்தியாவில் 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, நிகர லாபத்தில் கால் பங்கை சேமநிதிக்குச் சேர்த்த பிறகு, மிகுந்ததில் பத்தில் ஒரு பங்கு வரையில், பதிவாளரின் சம்மதத்துடன் தர்ம காரியத்திற்கு அளிக்க இடந்தந்தது. கல்வியும் அத்தர்மங்களுள் ஒன்று. இப்போது தமிழ்நாட்டில் நடைமுறையிலுள்ளது 1983-ஆம் ஆண்டுச் சட்டம். அதனையும் சங்கத்தின் துணைவிதிகளையும் பார்த்து, உரிய அனுமதி பெற்றே எதனையும் செய்ய வேண்டும். சங்கப் பணத்தைத் தொடாமல், அங்கத்தினர்கள் தனியே சிறு தொகை சேர்த்துக் கொடுப்பதற்கு யாதொரு தடையும் இராது.

எவ்வளவு தொகை வேண்டும்? உதாரணமாக ஒரு கணக்குப் பார்க்கலாம். 60 பிள்ளைகள் ஆளுக்கு 3 புஸ்தகம் எடுத்துச் சென்றால் 180 புஸ்தகங்கள். இருபதில் ஒன்று தொலைந்தோ கிழிந்தோ போவதாக வைத்துக்கொண்டால் நஷ்டம் 9 புஸ்தகம். ஒன்றின் விலை ரூபாய் 50 என்றால் மொத்தம் ரூபாய் 450. இத்தொகைக்குச் சங்கத்து அங்கத்தினர்கள் பொறுப்பேற்பதாக எழுத்து மூலம் தலைமை உபாத்தியாயருக்குத் தெரிவித்தால், பூட்டுக்குக் காரணமான அச்சம் நீங்கும். ரூபாய் 450-க்கு அஞ்சி 180 புஸ்தகங்களை இரண்டு மாதம் சிறையிடுவது எவ்வகையிலும் சிக்கனமாகாது.

நடைமுறை எளிது. பிள்ளையின் பெயர், புஸ்தகத்தின் பெயர், அதன் எண் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிப் பெற்றோரின் கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும். பழுப்புத் தாளில் அட்டை போட்டு, மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொடுக்க வேண்டும். ஒரே குக்கிராமத்துப் பிள்ளைகள் வெவ்வேறு நூல்களை எடுத்துச் சென்றால், தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். மூன்று புஸ்தகம் முப்பதாகும்.

அப்பொழுது புஸ்தகசாலையின் ஆண்டிறுதி அறிவிப்பும் மாறும். சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு: படம் நிறைந்த புஸ்தகத்தை எடுங்கள், வீட்டில் பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். பெரிய வகுப்பினருக்கு: பிடிக்காத புஸ்தகத்தைப் பாதியில் நிறுத்துவது குற்றமன்று, வேறொன்றை எடுங்கள். பாடசாலையை விட்டுச் செல்வோருக்கு: படிப்பு முடிந்தது, வாசிப்பு முடியவில்லை, ஏற்காட்டுக்கோ சேலத்துக்கோ செல்லும்போது பொது நூலகத்தில் அங்கத்தினராகச் சேருங்கள். எல்லோருக்கும்: புஸ்தகம் கிழிந்தால் ஒளிக்காமல் கொண்டுவாருங்கள், ஒட்டிக்கொள்ளலாம். இக்கடைசி வாக்கியம் மிகவும் அவசியமானது. தண்டனைக்கு அஞ்சும் பிள்ளை கிழிந்த புஸ்தகத்தை மறைக்கும். பிறகு புஸ்தகசாலையின் வாசலையே மிதியாது.

ஜூன் மாதத்தில் பிள்ளைகள் திரும்பி வரும்போது, வாசித்ததைப் பற்றிப் பரீட்சை வைத்தல் கூடாது. எந்தப் புஸ்தகம் பிடித்தது என்று கேட்டாற் போதும். அன்றே நிர்வாகஸ்தர் ஒருவர் பாடசாலைக்குச் சென்று கணக்கைப் பார்த்து, தொலைந்தவற்றின் விலையைச் செலுத்திவிட வேண்டும். வாக்குக் கொடுத்த நாளைக் காட்டிலும் அதைக் காப்பாற்றும் நாளே முக்கியமானது என்பதைக் கடன் கொடுத்து வாங்கிப் பழகிய அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

வரும் விடுமுறைக்கு முன்னர் கூடும் கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாகக் கொண்டுவந்து, பாடசாலைக்கு ஒரு கடிதம் எழுதுவது அங்கத்தினர்களின் கையில் இருக்கின்றது.