சென்னைக் கலங்கரை விளக்கங்கள்

கரைதல் என்னும் சொல்லுக்கு அழைத்தல் என்று ஒரு பொருள் உண்டு. கடலிற் செல்லும் கலத்தைக் கரைந்து அழைப்பதனால் அதற்குக் கலங்கரை விளக்கம் என்று பெயர். சிலப்பதிகாரத்திலேயே இச்சொல் வருகின்றது. எனினும், நான் இன்று பேச எடுத்துக்கொண்டது பூம்புகாரைப் பற்றியன்று, சென்னையைப் பற்றி.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கரையோரத்தில் குன்றோ முனையோ இல்லாத தட்டையான மணற்பரப்பு அது. இரவில் வரும் மாலுமிக்கு எவ்விடமும் ஒன்றுபோலவே தோன்றும். வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் மணல் திட்டுகள். பருவக்காற்றுக்கேற்பத் திசை மாறும் நீரோட்டம் வேறு. இவற்றையெல்லாம் தப்பி வந்த கப்பலும் கரையை அணுக முடியாமல் அப்பாலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து சென்று ஆட்களையும் சரக்கையும் இறக்கி வரும்.

அப்படிப்பட்ட கரையில் கோட்டை எழுந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னரே, 1796-ல், கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் உச்சியில் தேங்காயெண்ணெய் விளக்கு ஏற்றினார்கள். அதுவரை விளக்கில்லாமலே வாணிபம் நடந்ததை எண்ணும்போது எனக்கு வியப்பாகவே இருக்கின்றது.

பின்னர் கோட்டைக்கு வடக்கே, கிரேக்கத் தூண்போன்ற அமைப்பில், 125 அடி உயரக் கருங்கல் தூண் ஒன்றை நிறுவி, 1844 ஜனவரி முதல் நாள் அதில் விளக்கேற்றினர். உயரம் ஏன் என்று கேட்கலாம். பூமி உருண்டையானது அன்றோ? எவ்வளவு பிரகாசமான விளக்காயினும் தாழ்ந்திருந்தால் நீரின் வளைவு அதை மறைத்துவிடும். 125 அடி உயரத்து ஒளியை நீர்மட்டத்திலிருந்து பார்ப்பவன் ஏறக்குறைய 13 கடல் மைல் வரையிலேயே காண இயலும். பாய்மரத்தின் மேல் ஏறி நின்றால் இன்னும் சற்றுத் தொலைவிலிருந்தே காணலாம்.

மூன்றாவது விளக்கு, 1894-ல், உயர்நீதிமன்றக் கட்டடத்தின் மிக உயர்ந்த கோபுரத்தில் ஏறிற்று. நீதி வழங்கும் இடமே மாலுமிக்கு வழியும் காட்டியது! ஆனால் விளக்குக்கு நண்பன், பகைவன் என்ற வேற்றுமை தெரியாது. 1914 செப்டம்பர் 22 இரவு, முதல் உலகப் போரின்போது, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையை நெருங்கிய வேளையிலும் அது வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய்த் தொட்டிகள் குண்டுபட்டுத் தீப்பற்றின. உயிர்ச் சேதமும் நேர்ந்தது. அஞ்சிய மக்கள் பலர் நகரைவிட்டு வெளியேறினர். கெட்டிக்காரனை 'எம்டன்' என்று இன்றும் சொல்கிறோமே, அது அன்று வந்த வழக்கு.

1977 ஜனவரியில் மெரீனாக் கடற்கரையிலுள்ள இன்றைய கோபுரத்திற்கு விளக்கு மாறியது. அதில் மின்தூக்கியும் உண்டு. பழைய கருங்கல் தூண் உயர்நீதிமன்ற வளாகத்தில் விளக்கின்றி நிற்கின்றது.