அடுக்குப்பானையும் கூலி உரிமையும்



பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவில் வத்தல், கருவாடு, கூரைமேல் படரும் சுரைக்கொடி ஆகியவற்றைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றபோது அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். பண்டிதர் தயங்கியிருக்கமாட்டார் என்று சொல்லித்தான் இசைவு வாங்கினேன். அவர் சித்த மருத்துவர். 1907-இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழில் நம் பண்டிகைகளுக்குப் பௌத்த விளக்கம் எழுதினார். தீபாவளியை நரகாசுரன் கதையாக அவர் ஏற்கவில்லை. எள்ளின் நெய்யைக் கண்டறிந்து, அதன் பயனை உணர்ந்த மக்கள் தலைமுழுகிக் கொண்டாடிய நாள் என்றார். அந்த விளக்கத்தை ஆய்வாளர்கள் விவாதிக்கட்டும். ஒரு பண்டிகையின் வேரைத் தேடியவர் அசுரனின் போர்க்களத்துக்குப் போகாமல் உழைக்கும் மக்களின் வீட்டு அறிவிடம் போனார் என்பதே எனக்கு முக்கியம். இன்று நாமும் அதே இடத்துக்குப் போவோம்.

எங்கள் விழுப்புரம் பக்கத்தில் சேரி வீடுகளின் மூலையில் அடுக்குப்பானை இருக்கும். வைக்கோல் பிரிமணைமேல் பெரிய பானை, அதன்மேல் அதைவிடச் சிறியது, அதன்மேல் இன்னும் சிறியது. அடியில் கேழ்வரகோ கம்போ, நடுவில் உப்புப் போட்டு அமுக்கிய புளி, மேலே வத்தலும் கருவாடும், உச்சியில் விதையும் நாலு காசும். இதைப் பழங்காலத்து அழகு என்று படம் எடுத்துப் போடுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். ஒரு வீட்டுக்காரி அடுத்த ஆறு மாதத்துக்கு எப்படித் தப்பிப்பது என்று போட்ட கணக்கு அது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். தையில் சம்பா அறுவடை. கூலி நெல்லாக வரும். அறுத்த வயலில் கதிர் பொறுக்குவார்கள், எலிவளை தோண்டி நெல் எடுப்பார்கள். மல்லாட்டை பிடுங்கிய கொல்லையில் மண்ணைக் கிளறித் தப்புக்காய் பொறுக்குவார்கள். மாசி, பங்குனியில் புளி உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுக்கும் வேலை. அதில் ஒரு பங்கு கூலியாக வீட்டுக்கு வரும். சித்திரை வெயிலில் கொத்தவரை, சுண்டைக்காய், கத்தரிக்காய் எல்லாம் வத்தலாகும். ஏரி வற்றும்போது பிடித்த மீன் கருவாடாகும். ஆடியில் விதைப்பு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூலி வேலை இருக்காது. சித்திரையில் காய்ந்ததெல்லாம் கார்த்திகையில்தான் குழம்பாகும்.

வசதியுள்ள வீட்டிலும் இதே மாதங்களில்தான் வத்தல் போட்டார்கள். ஆனால் மோர்மிளகாய்க்கு மோர் வேண்டும், மோருக்கு மாடு வேண்டும். ஊறுகாய்க்கு எண்ணெய் வேண்டும். அப்பளத்துக்கு உளுந்து வேண்டும். நம் ஆயாக்களுக்குக் கையில் இருந்தது உப்பும் வெயிலும் சாம்பலும் புகையும். விதை அவரையைச் சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் போட்டு, அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் தொங்கவிட்டார்கள், வண்டு அண்டாது. பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் தட்டி வைத்தார்கள். ஒரு வீட்டில் எதைப் பதப்படுத்தினார்கள் என்று பார்த்தால், அந்த வீட்டுக்கு எது சொந்தமாக இருந்தது, எது இல்லை என்பது தெரிந்துவிடும்.

நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு இரண்டு கிலோ தானியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது கிலோ பிடிக்கும் ஒரு பானை நிறைந்திருந்தால் பத்து நாள் ஓடும். அந்தப் பத்து நாள் ஆண்டை வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டியதில்லை. பானை காலியாக இருந்தால் ஐப்பசி மழையில் முன்பணம் வாங்கவேண்டும். வாங்கினால் தை அறுவடையில் அவர் சொல்லும் கூலிக்கு அவர் வயலில்தான் அறுக்கவேண்டும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல்தான் வந்தது. அதற்கு முன்னும் பின்னும், அடிமைப்படும் நாளைப் பத்து நாளாவது தள்ளிப்போட்டது அடுக்குப்பானை.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நெல் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் பின்னணி அது. கூலிப் போராட்டங்களைப் பற்றி நம்மிடம் நிறைய எழுத்து இருக்கிறது. தலைவர்கள் பேசியது இருக்கிறது, சங்கம் எடுத்த தீர்மானம் இருக்கிறது, நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. வேலைக்குப் போகாத நாட்களில் வீடுகளில் உலை எப்படிக் கொதித்தது என்ற கேள்வி மட்டும் அபூர்வமாகவே எழுகிறது. வேலைநிறுத்தம் எத்தனை நாள் தாங்கும் என்று முடிவு செய்ததில் பானைக்குள் கைவிட்டுப் பார்த்த பெண்ணுக்குப் பங்கு உண்டு.

இது பழங்கதை இல்லை. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதற்குப் பிறகு ஊர்த்தெருவில் ஒரு புலம்பல் கேட்டிருப்பீர்கள்: “ரேஷன் அரிசியும் நூறு நாள் வேலையும் கொடுத்துக் கெடுத்துட்டாங்க, ஆளே கிடைக்கல.” அந்தப் புலம்பலைக் கவனமாகக் கேளுங்கள். வீட்டில் அரிசி இருந்தால் கூலியாள் பேரம் பேசுவான் என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

அடுத்து, தோட்டம். நிலமில்லாதவளின் தோட்டம் கூரைமேல் இருந்தது. ஆடியில் வாசலோரம் ஊன்றிய சுரையும் பூசணியும் பீர்க்கும் கூரை ஏறின. பாத்திரம் கழுவிய தண்ணீரில் அவரைப்பந்தல் செழித்தது. இதை நம் பெண்களின் திறமை என்று பாராட்டலாம். பாராட்டிவிட்டு, தரையில் ஏன் இடமில்லை என்று கேட்காமல் போகக்கூடாது. அரசு தரும் மனைப்பட்டா பெரும்பாலும் மூன்று சென்ட். ஏறக்குறைய 1,300 சதுர அடி. அதில் வீடு, கழிப்பறை, ஆட்டுக்கொட்டகை போக என்ன மிஞ்சும்? செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. சென்னை மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு. அந்த நிலத்தைக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் காரணைப் போராட்டத்தை ஒட்டிய துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். வீட்டுத்தோட்டம் பற்றிப் பேசும் எவரும் இந்த இரண்டு பெயர்களைத் தாண்டிப் போகமுடியாது.

இறைச்சிக்கு வருகிறேன். உப்புக்கண்டம் போடும் முறை உங்களில் பலருக்குத் தெரியும். கறியை நீளவாக்கில் கீறி, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி, கயிற்றில் கோத்து, நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவைப்பது. மராத்வாடாவில் மகர், மாங்கு மக்கள் இதைப்போலவே மாட்டுக்கறியைக் காயவைத்து ‘சான்யா’ என்கிறார்கள். சாகு பட்டோலே 2015-இல் மராத்தியில் எழுதிய நூல் அந்தச் சமையலை முறையாகப் பதிவு செய்தது. தமிழில் அப்படி ஒரு நூல் நமக்கு வேண்டும்.

எழுதும்போது ஒரு வேறுபாட்டை விடக்கூடாது. 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டின் கறியை விட்டொழிக்கச் சொன்னார். செத்த மாட்டை இழுத்துப்போடுவது சாதி சுமத்திய ஊழியம். அந்தக் கறி அந்த ஊழியத்தின் கூலி. அந்தக் கட்டை அறுக்கச் சொன்னார். அதே அம்பேத்கர் 1948-இல் வந்த ‘தீண்டப்படாதார்’ நூலில், மாட்டிறைச்சி உண்டதற்காகவே ஒரு மக்கள்கூட்டம் ஒதுக்கப்பட்டது என்று வாதாடி, இழிவு உணவில் இல்லை, இழிவுபடுத்தியவர்களிடம் இருக்கிறது என்று உணரவைத்தார். நம்மீது சுமத்தப்பட்டது எது, நம் கை உருவாக்கியது எது என்று பிரித்து எழுதினால் வெட்கமும் வேண்டியதில்லை, வீண் பெருமையும் வேண்டியதில்லை.

இன்று நகரத்தில் வாடகை வீடு தேடும் நம் பிள்ளைகளுக்கு முதல் கேள்வி என்ன? “நான்வெஜ் சமைப்பீங்களா?” வீடு கிடைத்தாலும் பொது மொட்டைமாடியில் கருவாடு காயவைக்கமுடியாது. வெயில் எல்லோருக்கும் பொது. அது விழும் மாடி பொதுவாக இல்லை. 2018-இல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் சத்துணவு சமைத்த அருந்ததியர் பெண்ணைச் சமைக்கக்கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். அவரை இடமாற்றமும் செய்தார்கள். போராட்டத்துக்குப் பிறகே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அதே பெண் விளைவித்த அரிசியும் பறித்த காயும் எல்லார் வீட்டு உலையிலும் தீட்டில்லாமல் வேகின்றன.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஆண் தோழர்களை விட்டுவிட முடியாது. 2019-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் உழைத்தார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். அப்படி ஈடுபட்ட ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். வயலில் கூலி முடித்து வந்து இன்னொரு ஐந்து மணி நேரம். அம்மாவின் கைப்பக்குவம் என்று கவிதை எழுதுகிறவர், அந்தக் கையிலிருந்து முறத்தை வாங்கிக்கொள்ளவும் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்தச் சித்திரை விடுமுறையில் உங்கள் ஆயாவிடமோ அத்தையிடமோ உட்காருங்கள். செய்முறையை மட்டும் கேட்டு எழுதாதீர்கள். எந்த வேலைக்கு எந்தப் படியால் கூலி அளந்தார்கள், படி தலைதட்டியிருந்ததா குவிந்திருந்ததா? தண்ணீர் யார் கிணற்றிலிருந்து வந்தது? வத்தல் காய்ந்தது யார் களத்தில்? மழை மாதத்தில் எத்தனை நாள் பானை தாங்கியது, அதன்பிறகு யாரிடம் போனார்கள்? வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார்? அவர்கள் சொல்லும் பேச்சிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பாமா 1992-இல் ‘கருக்கு’ எழுதியபோது வீட்டுப் பேச்சே இலக்கியமாக நிற்கும் என்பதைக் காட்டிவிட்டார்.

நூறு ஊர்களிலிருந்து நூறு நோட்டுப் புத்தகம் இந்த மன்றத்துக்கு வந்து சேர்ந்தால், அது சமையல் குறிப்பாகவும் இருக்கும், கூலி வரலாறாகவும் இருக்கும், நிலத்துக்கான மனுவாகவும் இருக்கும். பண்டிதருக்கு நாம் செய்யக்கூடிய நினைவுக் கடன் அது. அடுத்த ஆண்டு இதே மேடையில் அந்த நோட்டுகளைக் கொண்டுவந்த பெண்கள் பேசட்டும். நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.