மீண்டும் திரை எழுந்த மண்டபம்

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கொழும்பு மருதானைப் பக்கம் செல்பவர்கள் கோபுரம் தாங்கிய பழைய கட்டிடமொன்றைக் கண்டிருப்பீர்கள். அதுவே டவர் மண்டபம். ஹென்றிக் செனவிரத்ன என்பவர் கட்டுவித்த அவ்வரங்கு 1911 டிசெம்பர் 6ஆம் நாள் திறக்கப்பெற்றது. அன்று மேடையேறியது சார்ள்ஸ் டயஸ் எழுதிய 'பண்டுகாபய' என்னும் நாடகம்.

அங்கு ஆடப்பெற்றவற்றை 'நூர்த்தி' என்பர். பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுவினரைப் பார்த்துச் சிங்களக் கலைஞர் வளர்த்த கலை அது. ஜோன் த சில்வாவின் நாடகங்களுக்கு விசுவநாத் லவ்ஜி என்னும் வட இந்திய இசைவாணர் மெட்டமைத்தார். அதற்கு முன்னிருந்த சிங்கள 'நாடகம' என்னும் ஆட்டமோ நம் தமிழ்க் கூத்தின் வழிவந்தது. ஆகவே அம்மேடையின் கதை நமக்குப் புறம்பானதன்று.

பின்னர் பேசும்படங்கள் வந்தன. மக்கள் அவற்றின் பின்னே சென்றனர். நாடக மேடையிலே படத்திரை தொங்கியது. நடிகர் பலர் பிழைப்பிழந்தனர். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. 1947இல் வெளியான முதற் சிங்களப் பேசும்படமே ஒரு மேடை நாடகத்திலிருந்து பிறந்ததுதான்! அதில் நடித்துப் பாடிய ருக்மணி தேவியும் சிறு வயதிலேயே மேடையேறியவர். கொழும்புச் செட்டி குடும்பத்தில் உதித்தவர்.

1978இல் ஆர். பிரேமதாச அவர்களின் முயற்சியால் டவர் மண்டபம் புதுப்பிக்கப்பெற்று, மறுபடியும் நாடக அரங்காகியது. அதனைப் பேணுதற்கென அதே ஆண்டில் சட்டத்தின் மூலம் ஒரு மன்றமும் நிறுவப்பட்டது. கட்டிடத்தைப் புதுக்கியதோடு நில்லாது, முதிய கலைஞருக்கு உதவுவதும் அம்மன்றத்தின் கடமையாயிற்று. இதுவே அப்பணியில் நான் பெரிதும் போற்றுவது.

ஏனெனில், சுவர் இடிந்தால் மீளக் கட்டலாம். மனிதர் மறைந்தால் என் செய்வது? அதே 1978 ஒக்டோபரில் ருக்மணி தேவி வீதி விபத்தொன்றில் மாண்டார். மண்டபம் மீண்டது, அந்தக் குரல் மீளவில்லை.

இளைஞர்களே! நம் ஊர்களிலும் கூத்துப் பழக்கிய அண்ணாவிமார் முதுமையுற்றிருக்கின்றனர். அவர்தம் பாட்டும் தாளமும் பல ஏட்டிலும் இல்லை, நெஞ்சிலேதான் உள்ளன. அரங்கு கட்டப் பொருள் வேண்டும், காலம் வேண்டும். ஓர் அண்ணாவியாரின் திண்ணையில் அமர்ந்து அவர் பாடுவதைப் பதிவு செய்ய ஒரு மாலைப்பொழுது போதும். அடுத்த ஆண்டு விழாவுக்குள் உங்களில் பத்துப் பேராவது அதைச் செய்து வாருங்கள். அதுவே நாம் எழுப்பும் மண்டபமாகும்.