வேற்றுலகத்தார் வேஷமும் நம்மவர் முகமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சினிமாவைப் பற்றி ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்குத் தமிழையும் தெலுங்கையும் ஒருங்கே போதித்த பள்ளிக்கூடம் சினிமாவே; ஆகவே பேசத் துணிந்தோம். ராக்கெட்டும் வேற்றுக் கிரகமும் வரும் விஞ்ஞானக் கற்பனைப் படங்களை நம் பிள்ளைகள் பெரிதும் விரும்புகின்றனர். அவற்றில் எவருக்கு எந்த வேஷம் கிடைத்தது என்பதே இன்றைய பொருள்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி. ஆர். சுந்தரம் அவர்கள் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு கூடித் தயாரித்த ‘தி ஜங்கிள்’ 1952-இல் வெளிவந்தது. தமிழில் அதன் பெயர் ‘காடு’. அழிந்தொழிந்த மம்மத் என்னும் சடை யானைகள் மீண்டும் தோன்றுவதாகக் கதை. நம் யானைகளுக்கே சடைமயிரைப் போர்த்தி நடக்க விட்டனர்! காடு நம்முடையது; யானை நம்முடையது; கதையின் இளவரசியும் இந்தியப் பெண்ணே. ஆயினும் அவ்வேஷத்தைத் தாங்கியவர் மேரி வின்ட்ஸர் என்ற அமெரிக்க நடிகை. ராமா சிங் என்ற பாத்திரமும் சீசர் ரொமேரோ என்ற அமெரிக்கருக்கே சென்றது. எம். என். நம்பியார் முதலிய நம் நடிகர்களுக்குச் சிறு வேஷங்கள். யானைக்கு வேஷம் கட்டியதையாவது பொறுக்கலாம். மம்மத்துக்கு எங்கே போவது? இளவரசியாக நடிக்கவல்ல பெண்ணுமா இந்நாட்டில் அகப்படவில்லை?

அதே நம்பியார் 1963-இல் வந்த ‘கலை அரசி’யில் வேற்றுக் கிரகவாசியானார். இசை கற்பதற்காக அக்கிரகத்தார் கவர்ந்து செல்லும் வாணியாக நடித்தவர் ஓங்கோல் பகுதியில் பிறந்த பானுமதி அம்மையார். தெலுங்கர் தமிழ்ப் பெண்ணாக நடிக்கலாமா என்று நாம் கேட்பதில்லை. நம் சித்தூரின் பெயரைத் தாங்கிய நாகையா அவர்கள் 1941-இல் ‘அசோக்குமார்’ தமிழ்ப் படத்தில் அசோகச் சக்கரவர்த்தியாகவே விளங்கினார். இங்கே வழி இருபுறமும் திறந்திருந்தது. ‘காடு’ படத்திலோ அமெரிக்கர் இந்தியராகலாம். இந்தியர் அமெரிக்கராக இடமில்லை.

அமெரிக்காவின் ‘ஸ்டார் டிரெக்’ கதைகளில் கான் நூனியன் சிங் என்றொரு பாத்திரம் உண்டு. வட இந்தியச் சீக்கியன் என்று சொல்லப்பட்டவன். 1967-இல் அவனாக நடித்தவர் மெக்ஸிகோவில் பிறந்த ரிகார்டோ மோன்டல்பான். 2013-இல் ஆங்கிலேயரான பெனடிக்ட் கம்பர்பாட்ச். இடையே 1979-இல் வந்த படத்தில் பம்பாய் நடிகை பெர்சிஸ் கம்பாட்டா வேற்றுக் கிரகப் பெண்ணாகத் தோன்றினார், தலையை மழித்துக்கொண்டு. (மொட்டைத் தலை திருப்பதிவாசிகளாகிய நமக்குப் புதிதன்று!) இந்தியர் வேற்றுக் கிரகவாசியாகலாம், இந்தியராகத்தான் முடியவில்லை.

அயலாரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நம்மவர் மேடைகளிலும் சிவந்த குழந்தை இளவரசி, கறுத்த குழந்தை அரக்கன் என்னும் வழக்கம் நிலவுகிறது. ஒரு சிறுமி, கணீரென்ற குரலுடையவள், “நான் கறுப்பு, எனக்கு ராணி வேஷம் வராது” என்று தானே ஒதுங்கி நின்றதை அண்மையில் கண்டோம். வயது எட்டு. அவளுக்கு அதை எவரும் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை. திரையே சொல்லித் தந்துவிட்டது.

நாடகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு வேஷம் பிரிக்கையில் குழந்தைகளைத் திரைக்குப் பின்னே நிறுத்தி வசனம் சொல்லச் செய்து, குரலை மட்டும் கேட்டுப் பெயரெழுதிக்கொள்ளுங்கள். திரைச்சீலையும் கயிறும் நாம் தருகிறோம்.