புற்றுநோய் மருந்தும் வாயின் ஊற்றும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எச்சில் என்றதும் முகஞ் சுளிப்பது நமது வழக்கம். எச்சிற் கை, எச்சிற் பாத்திரம் என்று ஒதுக்கிப் பழகிய நமக்கு, அது வற்றிப்போனால் மனிதன் படும் பாடு தெரிவதில்லை. புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் உமிழ்நீர்ச் சுரப்பிகளை எவ்வாறு வருத்துகின்றன என்பது பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். நான் இன்னும் படித்துக்கொண்டிருப்பவன். வைத்தியனாக நின்று பேசவில்லை.

காதுகளின் முன்னே ஒரு சோடி, கீழ்த்தாடையின் அடியில் ஒரு சோடி, நாவின் கீழ் ஒரு சோடியாகப் பெரிய சுரப்பிகள் ஆறு. உதடு, கன்னம், அண்ணம் எங்கும் சிறு சுரப்பிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. யாவும் சேர்ந்து நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை சுரக்கும். அதில் 99 வீதம் நீரே. எஞ்சிய சிறு பகுதியிலேதான் விந்தை இருக்கிறது: மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் நொதியம், பல்லைக் காக்கும் கல்சியம், அமிலத்தைத் தணிக்கும் உப்பு, கிருமியை அடக்கும் புரதங்கள், சோற்றை வழுக்கி இறங்கச் செய்யும் சளியம்.

இந்த மருந்து முறை போரின் நஞ்சிலிருந்து பிறந்தது. கடுகு வாயுவின் உறவாகிய நைதரசன் மஸ்ரட்டை 1942 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு நோயாளிக்கு ஏற்றிப் பார்த்தனர். 1948 இல் சிட்னி பார்பர் என்பார் குழந்தைகளின் குருதிப் புற்றுநோயை அமினொப்ரெறின் கொண்டு சிறிது காலம் தணித்துக் காட்டினார். பின்னர் வந்த மருந்துகள் பல.

இவற்றுட் பெரும்பாலானவை பிரிந்து பெருகும் கலங்களையே தாக்குவன. புற்றுக் கலம் ஓயாது பிரிவது; ஆனால் மயிர் வேர், என்பு மச்சை, வாயின் உட்சவ்வு ஆகியவற்றின் கலங்களும் விரைந்து பிரிவனவே. ஆதலால் மயிர் உதிர்கிறது, வாய் புண்ணாகிறது. உமிழ்நீர் சுரக்கும் கலங்களோ மெல்லப் பிரிவன. அவை தப்பிவிட வேண்டுமல்லவா? பெரும்பாலும் தப்புகின்றன, ஆனால் காயமின்றியல்ல. டொக்சோறுபிசின் என்னும் மருந்து கலத்தின் இழைமணிகளில் தீங்கான ஒட்சிசன் வடிவங்களைத் தோற்றுவிக்கும். அதற்குக் கலம் பிரியவேண்டும் என்ற நியதியில்லை. எலிகளிற் செய்த சோதனைகளில், இத்தகைய மருந்துகளின் பின் சுரக்கும் கலங்களுள் வெற்றுக் குமிழ்கள் தோன்றக் கண்டனர். மனிதரின் உதட்டுச் சிறு சுரப்பிகளிலும் கான்கள் விரிந்தும், அழற்சிக் கலங்கள் புகுந்தும் இருந்தன. இதனோடு வாந்தியால் உடல் நீர் குறைகிறது, வாந்தியை அடக்கும் மருந்துகளிற் சிலவும் வாயை உலர்த்துவன, பயமும் உலர்த்தும். குற்றம் முழுவதையும் ஒரு மருந்தின் தலையிற் போடுவது நியாயமன்று.

ஆறுதல் ஒன்றுண்டு. கழுத்திலும் தலையிலும் கதிர் பாய்ச்சும்போது சுரப்பி நிரந்தரமாகவே கெடக்கூடும். மருந்து மட்டும் பெற்றவர்க்கோ, சிகிச்சை முடிந்து சில மாதங்களில் ஊற்று பெரும்பாலும் திரும்பிவிடும்.

அந்த மாதங்களை வீட்டார் எப்படிக் கடத்துவிக்கிறார்கள் என்பதே என் கவலை. என் உறவினரான ஒரு பெரியம்மாவுக்குச் சிகிச்சை நடந்த காலத்தில், "சாப்பாட்டில் மனமில்லை, பிடிவாதம்" என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். பிடிவாதமன்று; விழுங்க ஈரமில்லை. வரண்ட புட்டை வைத்துவிட்டு உண்ணவில்லையே என்று கோபிப்பதிற் பயனில்லை. சொதியை நிறைய விட்டுக் குழைத்துக் கொடுங்கள், கஞ்சி கொடுங்கள், மிடறு மிடறாக நீர் கொடுங்கள். இனிப்பு மிட்டாயை உமிய விடாதீர்கள். உமிழ்நீரற்ற வாயிற் பற்சூத்தை விரைந்து வரும். புளோரைட்டுப் பற்பசை நன்று. மதுசாரம் கலந்த வாய்க்கழுவி எரிக்கும். புளோரோயூராசில் என்ற மருந்தை விரைவாக ஏற்றும்போது அரைமணி நேரம் பனிக்கட்டித் துண்டுகளை வாயில் வைத்திருந்தால் குருதிக் குழாய்கள் சுருங்கி, புண் குறைகிறது. எவ்வளவு மலிவான வைத்தியம்!

வாய் ஊறுவதற்கு வெற்றிலை போடலாம் என்று சொல்வாரும் உளர். பாக்கிலுள்ள அரிக்கோலின் உமிழ்நீரைப் பெருக்குவது உண்மை. வைத்தியர் எழுதித் தரும் பைலோகாப்பின் மருந்தும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. ஆனால் பாக்கே புற்றை விளைப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004 இல் வெளியிட்ட நூலில் கூறியிருக்கிறது. இலங்கையில் ஆண்களிடையே வாய்ப் புற்று மிகுந்திருப்பதற்கு இப்பழக்கம் ஒரு பெருங் காரணம். பைலோகாப்பினையும் ஆஸ்துமா உள்ளவர்கள் தாமாக எடுக்கலாகாது.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். கந்தசஷ்டியில் உமிழ்நீரும் விழுங்காது நோற்போர் நம்மிடையே உண்டு. சிஸ்பிளாற்றின் போன்ற மருந்து ஏறும் நாட்களில் சிறுநீரகத்தைக் காக்க நிறைய நீர் உட்செல்ல வேண்டும். அவ்வாண்டு அவர் பொருட்டு வீட்டில் வேறொருவர் நோற்கலாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், நோயாளி மனச்சஞ்சலமின்றித் தண்ணீர் குடிப்பார். அதை என்னைப் போன்ற சிறுவன் சொன்னால் எடுபடாது.