உலகத் தரவரிசையில் 55, ஆனாலும் தகுதிச் சுற்று

(நம் குடியிருப்பின் ஷட்டில் போட்டியை முன்னிட்டு கிளப் ஹாலில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருப்பவர்களுக்குத் தனி வணக்கம்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 15 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் மெயின் டிரா 16 பேருக்கு. 12 பேருக்கு நேரடி இடம், 4 இடம் தகுதிச் சுற்றிலிருந்து. போன வருடம் அரையிறுதி வரை வந்த பிள்ளைகளில் இரண்டு பேரின் பெயர் கடைசித் தேதிக்குப் பிறகு வந்ததால் தகுதிச் சுற்றில் போட்டிருக்கிறோம். "நன்றாக ஆடுகிற பிள்ளை என்று ஊருக்கே தெரியும், மறுபடி எதற்குப் பரீட்சை?" என்று குரூப்பில் கேட்டிருந்தீர்கள். ஒரு வீட்டில் பெயரையே எடுத்துவிடப் போவதாகச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளை ஆட வேண்டும் என்பதற்காகத்தான் பேச வந்தேன். நான் டென்னிஸ் பைத்தியம், அதனால் உதாரணம் எல்லாம் டென்னிஸிலிருந்து வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 பிப்ரவரியில் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் சுமித் நாகல் சென்னை ஓபன் சேலஞ்சர் பட்டம் வென்றார். அந்த வெற்றியோடு உலகத் தரவரிசையில் முதல் நூறுக்குள் வந்தார். இரண்டே மாதத்தில் மான்டி கார்லோ மாஸ்டர்ஸ் போட்டி. அங்கே அவர் ஆடியது தகுதிச் சுற்றில். சரி, நூறுக்குப் பக்கத்தில் இருப்பவர்தானே என்பீர்கள். அதே தகுதிச் சுற்றில் அவர் தோற்கடித்த இருவரைப் பாருங்கள்: இத்தாலியின் கொபொல்லி உலகின் 63-வது ஆட்டக்காரர், அர்ஜென்டினாவின் டியாஸ் அகோஸ்டா 55-வது. உலகம் முழுக்க ஆடும் ஆயிரக்கணக்கானவர்களில் 55-வது இடம்! அவரும் வரிசையில் நிற்கிறார்.

காரணம் வெறும் கணக்கு. மான்டி கார்லோ டிரா 56 பேருக்குத்தான். வைல்டு கார்டு, தகுதிச் சுற்று இடங்களைக் கழித்தால் நேரடியாக நுழைய சுமார் 45 இடம். பெரிய ஆட்டக்காரர்கள் பலரும் ஆடும் போட்டி அது. விம்பிள்டன் போன்ற கிராண்ட் ஸ்லாம் என்றால் 128 பேர், அதில் 104 பேர் நேரடி. அங்கே 55-வது ஆள் சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போவார். ஆளின் திறமை மாறவில்லை, நாற்காலிகளின் எண்ணிக்கைதான் மாறியது.

அடுத்தது தேதி. கிராண்ட் ஸ்லாமில் ஆறு வாரத்துக்கு முந்தைய தரவரிசையை வைத்துப் பட்டியலை மூடிவிடுவார்கள். அதன் பிறகு ஒருவர் கோப்பையே வாங்கினாலும் அந்தப் பட்டியல் அசையாது. காயத்திலிருந்து திரும்பி வருகிறவர்களும் இப்படித்தான் தகுதிச் சுற்றுக்கு வந்து சேருகிறார்கள். யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்த வாரம் சின்னப் போட்டி ஒன்றுக்குப் போய் முதல் நிலை வீரராக மரியாதையோடு ஆடலாமே? ஆடலாம், பல பேர் போகிறார்கள். ஆனால் பெரிய போட்டியில் புள்ளியும் பணமும் வேறு கணக்கு. 2024 ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றால் 31,250 ஆஸ்திரேலிய டாலர். மெயின் டிராவில் இரண்டாம் சுற்றை எட்டினால் 1,80,000. நாகல் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்து, பிறகு 31-வது நிலையில் இருந்த பப்ளிக்கையும் வீழ்த்தி அந்த இரண்டாம் சுற்றுக்குப் போனார். அதற்குச் சில மாதம் முன்பு தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் மிச்சம் என்று சொன்னவர் அவர்.

இன்னொரு லாபமும் உண்டு, எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. தகுதிச் சுற்று ஆடி வருகிறவருக்கு மைதானம், காற்று, பந்து எல்லாம் பழகியிருக்கும். எதிரே நிற்பவருக்கு அது முதல் ஆட்டம். மான்டி கார்லோவில் நாகல் முதல் செட்டை இழந்த பிறகும் உலகின் 38-வது ஆட்டக்காரரான அர்னால்டியை வீழ்த்தினார். நம் கோர்ட்டிலும் சாயங்காலம் மேற்குப் பக்கம் நின்றால் விளக்கு கண்ணில் அடிக்கும். சனிக்கிழமை ஆடியவருக்கு அது ஞாயிற்றுக்கிழமை தெரிந்திருக்கும்.

தகுதிச் சுற்றில் தோற்றால்? அதற்கு நம் சென்னைப் பையன் கதை. 2018 பிரெஞ்சு ஓபன் தகுதிச் சுற்றில் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் தோற்றார், அடுத்த போட்டிக்காக இத்தாலியின் விசென்சாவுக்குக் கிளம்பிவிட்டார். கடைசி நேரத்தில் பாரிஸில் சிலர் விலகினார்கள். தோற்றவர்களில் வரிசைப்படி வாய்ப்பு தருவதை 'லக்கி லூசர்' என்பார்கள். பிரஜ்னேஷுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம், அவர் அங்கே இல்லாததால், அர்ஜென்டினாவின் ட்ருஞ்செல்லிட்டிக்குப் போனது. அவர் பார்சிலோனா வீட்டில் இருந்தார். அம்மா, தம்பி, வயதான பாட்டி எல்லோரையும் வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு சுமார் பத்து மணி நேரம் ஓட்டி இரவோடு இரவாகப் பாரிஸ் போனார். மறுநாள் டோமிக்கை ஜெயித்தார், 79,000 யூரோ உறுதியானது.

பிரஜ்னேஷ் சோர்ந்துவிடவில்லை. 2019 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனுக்குத் தகுதிச் சுற்று வழியாகவே போனார். அந்த ஆண்டு நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் மெயின் டிரா ஆடினார், தரவரிசையில் 75 வரை ஏறினார்.

இனி நம் விஷயம். பெயரை எடுக்கச் சொன்ன வீட்டின் இடத்தை இன்னும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, வெள்ளிக்கிழமை இரவு 9 மணி வரை காலியாக வைத்திருப்போம். தகுதிச் சுற்று சனி காலை 6.30. தோற்ற பிள்ளைகளும் ஞாயிறு காலை 7 மணிக்குள் வந்து செக்யூரிட்டி ரூமில் இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போன முறை மெயின் டிராவில் இரண்டு பேர் காய்ச்சலில் வரவில்லை, பதிலுக்கு இறக்க ஆள் இல்லாமல் இரண்டு ஆட்டத்தை ரத்து செய்தோம். ராக்கெட்டையும் கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள்.